ஹூக்ளி ஆற்றின் பைலட் உரிமம்: ஒரு சேவை மதிப்பீடு

பிரிட்டிஷ் ஆட்சிக்காலக் கல்கத்தாவில் கப்பல்களுக்குக் கிடைத்த சேவைகளில் ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டி நடத்திச்சென்ற பைலட்டுகளின் அமைப்பான வங்காளப் பைலட் சர்வீஸையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஆற்றின் கடல்முகத்திலுள்ள சாண்ட்ஹெட்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருந்த அந்தத் துறைமுகத்துக்கு, எத்தனை கடல்களைக் கடந்த கேப்டனும் தன் அனுபவத்தை மட்டும் நம்பிக் கப்பலைக் கொண்டுவர முடியாது. சாண்ட்ஹெட்ஸில் காத்திருக்கும் பைலட் கப்பலிலிருந்து ஒருவர் ஏறிய பிறகே பயணம் தொடரும்.

இச்சேவையின் தரம் உரிமம் வழங்கிய முறையிலேயே இருந்தது. பணியில் சேரும் இளைஞர் முதலில் லெட்ஸ்மேன் பயிற்சியாளர் மட்டுமே. மூத்த பைலட்டுடன் ஆற்றில் மேலும் கீழும் போய்வந்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துச் சொல்வதே பல ஆண்டுகள் அவருடைய வேலை. குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால், அடித்தரையின் மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அதைக் கொண்டும் கணிக்கலாம். பின்னர் தேர்வெழுதி மேட் பைலட்டாகிச் சிறிய கப்பல்களை நடத்தி, மாஸ்டர் பைலட்டாக உயர்ந்து, இறுதியில் பிராஞ்ச் பைலட்டான பிறகே மிகப் பெரிய கப்பல்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்கள், ரூப்நாராயண் ஆறு வந்து கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஜேம்ஸ் அண்டு மேரி மணல்திட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 1694இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தரைதட்டிய கப்பலை ஓதத்தின் வேகம் புரட்டிவிடும். பிறகு மணல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை மனப்பாடம் செய்த தடம் அடுத்த பருவத்தில் உதவாது. ஆற்றை விடாமல் பார்த்துவந்தவருக்கே உரிமம் என்பது அங்கே உயிர்காக்கும் விதி.

கப்பல் உரிமையாளரின் நோக்கில் ஒரு குறை உண்டு. 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குப் பைலட்டைக் கட்டாயமாக்கியது; ஆனால் பின்னர் சேர்ந்த விதியின்படி, பைலட் இருக்கும்போது நேரும் சேதத்துக்கும் உரிமையாளரே பொறுப்பாக இருந்தார்.

அதைவிடப் பெரிய குறை, ஆள் எடுத்த விதம். இங்கிலாந்தின் கான்வே, வூஸ்டர் பயிற்சிக் கப்பல்களில் படித்த இளைஞர்களைத் தேடி அழைத்துவந்த நிர்வாகம், ஹூக்ளியின் ஓதத்தோடு வளர்ந்த வங்காளப் படகோட்டிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வறையின் கதவைத் திறக்கவில்லை. இச்சேவைக்கு முழு மதிப்பெண் தர நான் மறுப்பது அதனால்தான்.