வீடு தேடி வரும் பிரஷர் மாத்திரை: குமரி மாவட்டத்தில் தேறுவதும் சறுக்குவதும்

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' குமரியிலும் வாசல்வரை வருகிறது. தன்னார்வலர் வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், காசு கிடையாது. நடக்க முடியாத முதியவருக்கும், ஒருநாள் கூலியை விட்டு ஓ.பி. வரிசையில் நிற்க முடியாதவருக்கும் பெரிய உதவி. விநியோகத்துக்குத் தாராளமாக மார்க் போடலாம். ஆனால் மாத்திரை கைக்கு வந்ததாலேயே பிரஷர் இறங்கிவிடாது.

முதல் சறுக்கல் அளவெடுப்பதில். அடுக்களையிலிருந்து ஓடிவந்தவருக்கு உட்கார்ந்த கையோடு பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினால் எண் கூடித்தான் வரும். 5 நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில். பேச்சு கூடாது. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சாயாவும் பீடியும் வேண்டாம். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது; பருத்த கையில் அதையே இழுத்து ஒட்டினால் இல்லாத பிரஷரும் தெரியும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும். நோட்டில் 130, 140, 150 என்று எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால், அது கருவி சொன்ன எண் அல்ல.

இரண்டாவது சறுக்கல்தான் பெரிது. ஒருவர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மி.கி. அளவில் ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 152/94 என்று நிற்கிறது. இலக்கு 140/90-க்குக் கீழ். அப்போது மருத்துவர் அளவைக் கூட்ட வேண்டும், அல்லது டெல்மிசார்டன் போல இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். 'அதே மாத்திரை தொடரவும்' என்று எழுதி அனுப்பினால் மூன்று மாதம் கழித்தும் அதே 152தான். தன்னார்வலரால் மருந்தை மாற்ற முடியாது. எண் இறங்காதவர்களின் பட்டியல் வாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மேசைக்குப் போக வேண்டும். மருந்தைக் கூட்டுமுன், ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று தெரிய, மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பது நல்லது. அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும், எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையில் வறட்டு இருமல் வரும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். கேட்டால்தான் தெரியும்.

நேரமும் ஊருக்கு ஊர் மாற வேண்டும். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். மாதக் கணக்கு பார்க்காமல், போகும் நாளைக் கேட்டு மாத்திரை கொடுக்க வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் காலையில் தோட்டத்தில் இருப்பார், காலை ஓ.பி. அவருக்கு உதவாது.

உப்பு அறிவுரையும் பொத்தாம்பொதுவாகவே இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது சமமாக வழித்த ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. கஞ்சியில் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாட்டையும் ஊறுகாயையும் தொட்டுக்கொண்டால் கணக்கு எங்கோ போய்விடும். கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை இருமுறை மாற்றினால் உப்பு கொஞ்சம் இறங்கும்.

180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாய்க்கோணலோ பேச்சுக் குழறலோ இருந்தால் அடுத்த வருகைக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.