டெக் (படகின் மேல்தளம்) ஒழுக்குக்கு மேலாக சிலிக்கான் பூசிவிட்டுப் போகிறவரிடம் ஏமாறாதீர்கள்

ஒன்டாரியோ ஏரியில் பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். 1,800 டாலர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

என்னுடையது 1978-ல் கட்டிய 27 அடிப் படகு. மழை பெய்தால் இடது படுக்கைக்கு மேலே சொட்டும். ஓரக் கம்பியைத் தாங்கும் ஸ்டாஞ்சன்களின் அடியிலும், பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் வந்து சேரும் செயின்பிளேட்டிலும் ஒழுக்கு. "எல்லாவற்றையும் கழற்றி, சுத்தம் செய்து, புதிதாக அடைத்துப் பூட்டித் தருகிறேன்" என்றார் படகுத்துறையில் வேலை செய்யும் ஒருவர். முடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்டாஞ்சன் அடியைச் சுற்றியும் வெள்ளை சிலிக்கான், கோடு பிசகாமல். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் படகைத் திறந்தால் மெத்தையில் தேநீர் நிறக் கறை. உள்கூரைப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். நட்டுகளின் மேல் பழைய பெயிண்ட் விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. ஒன்றிலும் ஸ்பேனர் படவே இல்லை.

ஒழுக்கைவிடப் பெரிய சேதம் உள்ளே. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றின் டெக்கில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் இருக்கும். போல்ட் துளை வழியாக இறங்கும் தண்ணீர் அதில் ஊறும், குளிர்காலத்தில் உறைந்து தகட்டையே பிரிக்கும். நான் துளைக்குள் வளைந்த ஆணியை விட்டுக் கிளறினேன், ஈரத் தேயிலை மாதிரி வந்தது. செயின்பிளேட்டில், டெக்குக்குள் மறைந்திருந்த இடத்தில் துருக்கறையும் குழிகளும். காற்றுப்படாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். அது உடைந்தால் பாய்மரமே சாயும், அதற்கடியில்தான் நாம் உட்கார்ந்திருப்போம்.

அவரிடம் கேட்டதற்கு, "பழைய படகென்றால் ஒழுகத்தான் செய்யும்" என்றார். பணம் திரும்பி வரவில்லை.

அப்புறம் நானே இறங்கினேன். மூன்று வார இறுதிகள் அந்த சிலிக்கானைச் சுரண்டியே போயின. அதன் பிசுக்கு மிச்சமிருந்தால் வேறு எதுவும் அங்கே ஒட்டாது. துளையைப் பெரிதாக்கி, அழுகிய பால்சாவைத் தோண்டி, காயவைத்து, கூழ்போலக் கெட்டியாக்கிய எபாக்சிப் பிசினை நிரப்பி, அது இறுகியபின் நடுவில் துளையிட்டேன். துளை வாயைச் சற்றே சரிவாகக் குடைந்து, போல்ட் தலையைச் சுற்றி பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பு நாடா) வைத்தேன். மேலே ஒருவர் போல்ட்டைச் சுழலாமல் பிடித்துக்கொள்ள, உள்ளிருந்து நட்டை மட்டும் முறுக்க வேண்டும். பியூட்டைல் மெதுவாகப் பிதுங்கும், அதனால் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு முறுக்கினேன்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், கழற்றிய துளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் உள்ளே போய் நட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் டெக்கைத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும்.

இடது பக்கம் முழுக்க முடிந்துவிட்டது, இரண்டு மழைக்கும் சொட்டவில்லை. அரித்த செயின்பிளேட்டுக்குப் புதிது வரும்வரை பாய் ஏற்றப் போவதில்லை.