பித்தப்பை ஆபரேஷன்: அன்றே வீடா, ஒரு ராத்திரி வார்டா?

லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்தவரை அன்று மாலையே அனுப்பலாமா, ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளலாமா? நோயாளி ஒன்றை எண்ணிப் பதில் சொல்வார், நர்ஸ் வேறொன்றை எண்ணிச் சொல்வார். சர்ஜரி வார்டில் வேலை பார்ப்பவள் என்பதால் இரண்டையும் தினமும் கேட்கிறேன்.

நோயாளிக்கு வீடு என்றால் நிம்மதியான தூக்கம். வார்டில் பிரஷர் பார்க்க நடுராத்திரியில் எழுப்புவோம். ஆனால் சந்தோஷமாகக் கிளம்பியவரே ராத்திரி வலது தோள்பட்டை வலித்தால் மாரடைப்போ என்று பயந்துபோகிறார். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். வார்டில் பெல்லை அழுத்தினால் நாங்கள் வந்து சொல்லிவிடுவோம். வீட்டில் யாரைக் கேட்பார்?

நர்ஸ் பார்ப்பது இதை: குடித்த தண்ணீர் தங்குகிறதா, சிறுநீர் போனாரா, தள்ளாடாமல் நடக்கிறாரா, மாத்திரைக்கே வலி கேட்கிறதா, 24 மணி நேரம் கூட இருக்கப் பெரியவர் ஒருவர் உண்டா. எல்லாம் சரி என்றால் அனுப்ப எனக்குத் தயக்கமில்லை. ஒரு ராத்திரி தங்கிவிட்டால் ஆபத்து தாண்டியது என்று குடும்பத்தார் நம்புவது பாதிதான் உண்மை. ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். பித்தநீர்க் கசிவோ சில நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

என்னை உறுத்துவது வேறு. ஓர் அம்மா நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், தாளை மடித்துப் பையில் வைத்தார், லிஃப்ட் வாசலில் திரும்பி, "சிஸ்டர், நான் குளிக்கலாமா?" என்றார். ஐந்து நிமிடம் முன்புதான் அதைச் சொல்லியிருந்தேன். அவர்மேல் தப்பில்லை. மயக்க மருந்தின் அசதி போகாத நேரத்தில் சொல்வது மனதில் நிற்காது. ஆபரேஷனுக்கு முன்பே, கூட வருபவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஒரு போனும் செய்ய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி தங்குவதே நல்லது என்பேன்.

தனியாக வசிப்பவர், சாயங்காலம் கடைசி கேஸாகப் போனவர், வாந்தி நிற்காதவர் ஆகியோர் தங்கட்டும். வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் அன்றே போகும் பேச்சே இல்லை.

மற்றவர்களை அனுப்பும்போது காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி என்று நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் கூட வந்தவர் கையில் கொடுக்கிறேன். ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்பி வரச் சொல்கிறேன்.