தூர்வாருவதா, தூண்டில் வளைவா, கதவணையா? ஆற்றில் சரக்குப் படகு ஓட மூன்று வழிகள்

ஆறு முழுக்க ஆழம் இருந்தும் பயனில்லை. வழியில் ஒரு திட்டு மேடிட்டிருந்தால் அதுதான் படகின் சுமையைத் தீர்மானிக்கும். ரைன் நதியில் அந்த இடம் ஜெர்மனியின் கௌப். 2018 அக்டோபரில் அங்கே அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. (அது ஆழம் அல்ல, படகுப் பாதையில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக நீர் இருக்கும்.)

தூர்வாரினால் பலன் உடனே தெரியும். ஆனால் தோண்டிய பள்ளத்தில் ஓட்டம் வேகம் இழப்பதால் வண்டல் அங்கேயே படியும். ஒரு வெள்ளத்திலேயே தூர்ந்துவிடலாம். எக்கோ சவுண்டரால் (ஒலியால் ஆழம் காணும் கருவி) அளந்து, திட்டுகளை மட்டும் வெட்டி, அள்ளிய மணலை ஆற்றின் ஆழமான மடுக்களிலேயே கொட்ட வேண்டும். வெளியே விற்றால் படுகை இறங்கும், கூடவே கரையோரக் கிணறுகளும் இறங்கும். கன மீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால் அதிகம் அள்ளியவருக்கே லாபம். குறித்த ஆழத்தை ஆண்டு முழுக்கக் காப்பவருக்குப் பணம் என்று எழுதுவதே சரி.

தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டும் கல் அணைப்பு. ஓட்டம் நடுவே நெருங்கி, ஆறே தன் தடத்தை அரித்துக்கொள்ளும். அரிப்பு நாம் நினைத்த இடத்தில் நிற்காது என்பதுதான் சிக்கல். முனையில் பள்ளம் பறித்துக் கல் சரியும். நெதர்லாந்தில் வால் ஆற்றில் டீல் அருகே, 2015 வாக்கில் சுமார் 10 கி.மீ. தூரத்துக்கு இவற்றை எடுத்துவிட்டு, ஓட்டத்துக்கு இணையாக நீள்சுவர் கட்டினார்கள். சுவருக்குப் பின்னுள்ள ஓடையில் மீன்குஞ்சுகளுக்குப் படகு எழுப்பும் அலையின் தொல்லை குறைவு.

கதவணையும் லாக்கும் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை அணை தாண்டவைக்கும் அறை) கோடையிலும் ஆழம் தரும். அமெரிக்காவின் மேல் மிசிசிப்பியில் 1930-இல் அனுமதித்த 9 அடி ஆழப் பாதை 29 லாக்குகளை நம்பி நிற்கிறது. பெரும்பாலானவை 600 அடி நீளம். 15 பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகள்) இணைத்த தொடரோ ஏறத்தாழ 1,200 அடி. இரண்டாகப் பிரித்துத்தான் கடத்த வேண்டும். மணலும் அணைக்கு மேலேயே தங்கும். ரைனின் கடைசிக் கதவணையான இஃபெட்ஸ்ஹைமுக்குக் கீழே, படுகை அரிபடாமல் இருக்க 1978 முதல் சரளைக்கல் கொட்டி வருகிறார்கள். ஓரிடத்தில் அள்ளுவது, இன்னோரிடத்தில் கொட்டுவது!

சரக்கு எவ்வளவு வரும் என்று தெரியாத ஆற்றில் திட்டு வெட்டுவதோடு தொடங்கலாம். சில ஆண்டு அளவெடுப்பில் அதே திட்டு மீண்டும் மீண்டும் வந்தால் அங்கே மட்டும் தூண்டில் வளைவு. பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ எப்படியும் கதவணை கட்டுகிறார்கள் என்றால் மட்டும் லாக்.

படகையே மாற்றும் வழியும் உண்டு. 2023-இல் ரைனுக்கு வந்த ஸ்டோல்ட் லுட்விக்ஸ்ஹாஃபன் என்ற சரக்குக் கப்பல், கௌப் கோல் 30 செ.மீ. காட்டும்போதும் 800 டன் ஏற்றிச் செல்லுமாறு வடிவமைக்கப்பட்டது. அகலம் 17.5 மீட்டர், 12 மீட்டர் லாக்குகள் உள்ள மெய்ன்-டான்யூப் கால்வாய்க்குள் அது நுழையாது.