இங்கிலாந்தில் உள்ளாட்சி: இரண்டு அடுக்கா, ஒற்றை மன்றமா?

இங்கிலாந்தின் பல பகுதிகளில் வீட்டு வாசலில் குப்பையை எடுப்பது மாவட்ட மன்றம். எடுத்ததை அழிப்பது, பல மாவட்டங்களுக்கு மேலே இருக்கும் கவுண்டி மன்றம். கட்டட அனுமதிக்கு ஓரிடம், அந்த வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாலைக் குழிக்கு இன்னோரிடம். மக்கள் வீணாக அலைய வேண்டியிருக்கிறது.

எல்லா வேலையையும் ஒரே மன்றம் பார்க்கும் ஒற்றை மன்றத்தில் இந்தத் தொல்லை இல்லை. வடக்கு யார்க்‌ஷரில் 2023 ஏப்ரலில் கவுண்டி மன்றமும் 7 மாவட்ட மன்றங்களும் ஒன்றாயின. அடுத்த ஆண்டே யார்க் நகரத்தையும் சேர்த்து மேயர் தேர்தல் நடந்தது. போக்குவரத்து, வீட்டுவசதி விஷயங்களில் லண்டனில் இருக்கும் மத்திய அரசின் கையிலிருந்த சில முடிவுகள் அப்புறம் உள்ளூருக்கு வந்தன. எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

சரி, தூரம்? அதே பகுதியின் ஸ்கார்பரோ கடற்கரைக்காரருக்கு நார்தலர்ட்டனில் இருக்கும் புது மன்றத்தின் தலைமையகம் எட்டத்தில்தான் இருக்கிறது. ஊர் மட்ட பாரிஷ் மன்றங்களுக்கும் பணமும் அதிகாரமும் கொடுத்தால்தான் அந்தக் குறை தீரும்.