டெக்சாஸ் சுரண்டல் லாட்டரி: சீட்டைவிட அட்டவணையே மேல்

டெக்சாஸ் மாநிலம் 1992 மே மாதத்தில் லாட்டரி விற்பனையைத் தொடங்கியபோது முதலில் கடைக்கு வந்தது 1 டாலர் சுரண்டல் சீட்டுதான்; மேற்பூச்சைச் சுரண்டினால் பரிசு உண்டா என்று அப்போதே தெரிந்துவிடும் சீட்டு அது. முதல் சீட்டை வாங்கிச் சுரண்டிய ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸுக்கே பரிசு விழவில்லை. அந்த வரிசை 2022இல் 100 டாலர் சீட்டு வரை ஏறிவிட்டது. எரிபொருள் நிலையங்களில் கல்லாவை ஒட்டிய கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் இவற்றுள் ஒன்றைப் பலரும் நிறத்தையும் பெயரையும் பார்த்தே கேட்டு வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது சீட்டின் பின்புறம்.

அங்கே பொடி எழுத்தில், பரிசு விழும் வாய்ப்பு இத்தனையில் ஒன்று என்று அச்சிட்டிருப்பார்கள். நான்கில் ஒன்று என்றிருந்தால், நான்கு வாங்கினால் ஒன்று நிச்சயம் என்று பொருளல்ல; நான்குமே வெறுஞ்சீட்டாகப் போவதற்கு ஏறத்தாழ 32 விழுக்காடு வாய்ப்புண்டு. தவிரவும், போட்ட காசு அப்படியே திரும்பி வருவதும் இக்கணக்கில் பரிசுதான்.

இந்த லாட்டரியில் நான் மனமாரப் பாராட்டுவது, காசில்லாமல் கிடைக்கும் ஒன்றை: ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்தப் பரிசு எத்தனை அச்சிடப்பட்டது, அவற்றுள் எத்தனை கோரப்பட்டுவிட்டன என்பதை லாட்டரி நிர்வாகமே தன் இணையதளத்தில் அட்டவணையாக வெளியிடுகிறார்கள். முதல் பரிசுகள் அனைத்தும் போன பிறகும் அந்த ஆட்டத்தின் சீட்டுகள் விற்பனையில் இருக்கலாம் என்பதால், கடைக்குப் போகுமுன் இதைப் பார்ப்பது அவசியம். சிறு பரிசுகளில் முக்கால் பங்கு கோரப்பட்டிருந்தால் சீட்டுகளிலும் ஏறக்குறைய அதே பங்கு விற்றிருக்கும் என்று ஊகிக்கலாம்; அந்த நிலையில் முதல் பரிசுகள் நான்கில் மூன்று இன்னும் கோரப்படாமல் இருந்தால், எஞ்சிய சீட்டுகள் தொடக்கத்தில் இருந்ததைவிட வளமானவை. ஆனால் பெரிய பரிசு விழுந்தவர் எப்போதும் உடனே வந்து கேட்பதில்லை என்பதையும், இத்தனை சாதகத்துக்குப் பிறகும் சராசரியாக நட்டம் வாங்குபவருக்கே என்பதையும் மறக்கலாகாது.

விலை கூடக்கூடப் பரிசாகத் திரும்பும் பங்கும் பொதுவாகக் கூடுகிறது என்பது உண்மைதான்; ஆனால் அதை நம்பி 50 டாலர் சீட்டுக்குத் தாவுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனெனில் விழுக்காட்டில் குறையும் இழப்பு டாலரில் பெருகிவிடுகிறது. பொழுதுபோக்குக்கென ஒதுக்கிய தொகைக்குள், அட்டவணையில் நல்ல நிலையிலுள்ள 5 அல்லது 10 டாலர் சீட்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

599 டாலர் வரையிலான பரிசைக் கடையிலேயே பெறலாம். அதற்கு மேல் லாட்டரி அலுவலகத்தை நாட வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்றாலும், 5,000 டாலரைத் தாண்டும் பரிசில் 24 விழுக்காட்டைக் கூட்டரசு வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட 180 நாட்களுக்குள் கோராத பரிசு கைவிட்டுப் போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; பரிசுச் சீட்டின் பின்புறம் உடனே கையொப்பமிட்டுவிடுவதும் நல்லது.