இளைஞர்களுக்குப் பேருந்தில் முழு இலவசமா, பாதிக் கட்டணமா?

படிப்பு முடித்து வேலை தேடும் வயதில் பேருந்துக் கட்டணம் சின்னச் செலவு அல்ல. நேர்முகத் தேர்வு, பயிற்சி வகுப்பு, பகுதிநேர வேலை என எதற்கும் முதலில் போய்ச் சேர வேண்டும், சம்பளம் அப்புறம்தான். இவர்களுக்கு முழு இலவசம் தருவதா, பாதிக் கட்டணம் வாங்கி அந்தப் பணத்தில் கூடுதல் பேருந்து விடுவதா?

ஸ்காட்லாந்து முதல் வழியை எடுத்தது. 2022 ஜனவரி முதல் அங்கே 5 முதல் 21 வயது வரை உள்ளவர்கள் பேருந்தில் இலவசமாகப் போகலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. வயதைக் காட்டும் அட்டை இருந்தால் போதும். பாதிக் கட்டணம் என்றால், கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு அந்தப் பாதியும் மலைதான்.

ஆனால் இலவசத்தால் மட்டும் சாலையில் கார்கள் குறைந்துவிடாது. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013-இல் தன் குடியிருப்பாளர்களுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. நடந்து போனவர்கள் பலர் பேருந்துக்கு மாறினார்கள். கார் ஓட்டுபவர்கள் பெரிய அளவில் மாறவில்லை. அவர்களை இழுப்பது நேரத்துக்கு வரும் வண்டி. இரவுப் பணி முடித்து வரும் பெண்ணுக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டால், இலவச அட்டையால் என்ன பயன்? இந்த இடத்தில் பாதிக் கட்டணத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, எது? பேருந்துகள் ஓரளவு நன்றாக ஓடும் நகரங்களில் 25 வயது வரை முழு இலவசம் தர வேண்டும் என்பேன். நாளுக்கு இரண்டே வண்டி வரும் கிராமங்களில் முதலில் வண்டிகளைக் கூட்டட்டும். கட்டணத்தை அடுத்துப் பேசலாம்.